தூணுக்குள் இல்லாத வளையங்கள்

அந்தப் பாலத்தின் தூண்களைப் பலவீனமாக்கியவன் நான்தான்! கவனக்குறைவு அல்ல. வேண்டுமென்றே செய்தேன்.

எந்தப் பாலம் என்று கேட்காதீர்கள். நகரிப் பக்கம் பேருந்தில் போகிறீர்களா? அப்படியானால் அதன்மேல்தான் போகிறீர்கள். உங்களுக்கு அது போதும்.

1960. எல்லைப் பங்கீடு முடிந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழ் பேசும் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே விடப்பட்டது. எந்தத் தாலுகா என்றைக்குக் கைமாறியது என்று தேதி பிசகாமல் எழுதி வைப்பவன் நான். அன்று எழுதக் கை வரவில்லை... அத்தனை ஆத்திரம்!

அந்த ஆத்திரத்தோடுதான் பாலத்து வேலைக்கு ஓவர்சியராகப் போனேன். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்ட வேண்டும். ஒன்று விட்டு ஒன்று கட்டச் சொன்னேன்.

கம்பி கட்டும் முனுசாமி சிரித்தான். "இன்னா சார், சிமெண்டுக்கு மூச்சு முட்டுதா?"

"ஆந்திராக்காரன் பாலம்தானே! கட்டு."

"அப்போ நாம எதும்மேல போறது, கழுத மேலயா?"

"வாய மூடிக்கினு கட்டுடா."

கட்டினான். திருட்டு என்று நினைத்தீர்களா? மீந்த வளையங்களை ஆற்று மணலில் புதைத்தேன். வெறும் வன்மம்!

ஓய்வுபெற்ற பின் திருப்பதி நூலகத்தில் நிலநடுக்கம் பற்றிப் படித்தேன். நிலம் பலமாக ஆடினால் தூண் இப்படியும் அப்படியும் வளையும். அடிப்பாகத்தில் வெளிக் கான்கிரீட் உதிரும். வளையங்கள் நெருக்கமாக இருந்தால் உள்ளிருப்பதை இறுக்கிப் பிடிக்கும். தூண் கோணினாலும் நிற்கும். இல்லையென்றால்... நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும், உள்ளே இருப்பது நொறுங்கும், பாலம் விழும்.

அன்றைக்கே இது தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? தெரியவில்லை!

ஆசிரியையான என் மகள் தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிறாள். சொல்லிவிடலாம் என்று சித்தூர் நெடுஞ்சாலைத் துறை அலுவலகம் வரை போனேன். வாசலில் தெலுங்குப் பலகை. பழைய ஆத்திரம் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆத்திரமா அது? பயம்!

போன வாரம் வீட்டுப் பாத்திரங்கள் லேசாகக் கடகடத்தன. மாலையில் மகள் வந்தாள்.

"பாலத்து மேல பஸ்சு நின்னுகினு இருந்துச்சி நைனா. அப்படியே ஆடிச்சி! எல்லாரும் சிரிச்சிட்டோம்."

"நாளையிலேர்ந்து ரயில்ல போம்மா."

"ஏன் நைனா?"

"பஸ்சுல கூட்டம்."

"ரயில்ல மட்டும் உனக்குன்னு பெட்டி காலியா வுட்டிருக்கானா?"

மறுநாள் காலையிலும் அதையே சொன்னேன். என் பிடிவாதத்துக்காக இப்போது ரயிலில் போகிறாள்.

பேருந்தில் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.