பென்னி இல்லாமல் ஒரு பேச்சு

கேசியா எழுதும் தமிழில் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. சித்தூரில் பிறந்து, தெலுங்கில் பள்ளிக்கூடம் முடித்து, இங்கிலீஷில் படித்து, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆனவள். தமிழ் வாயோடு சரி. செல்போனில் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தள்ளுவாள். ஊர் உலகத்துக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா ஜெயசீலிக்குத்தான் போதவில்லை. சித்தூரில் தனியாக இருக்கும் அவளுக்குத் தமிழ் எழுத்தைத் தவிர வேறு தெரியாது. காதும் போய்விட்டது. காது மெஷின் வைத்தால் தலை வலிக்கிறது என்று அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். மகளிடமிருந்து மெசேஜ் வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பென்னியிடம் போவாள். பென்னி தங்கமான மனுஷன். அவளுக்குக் கேட்கிறவரைக்கும் கத்துவான். தெருவுக்கே கேட்கும்.

போன வருஷம் கேசியாவுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயந்துபோய் அம்மாவுக்கு மட்டும் எழுதினாள். அம்மா வழக்கம்போல் பென்னியிடம் நீட்டினாள். அவன் ஒரு வரி படித்துவிட்டுத் தயங்கினான்.

"இன்னாடா முழுங்கற, சத்தமா சொல்லு" என்றாள் ஜெயசீலி. சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேசியாவின் கட்டிக்காகச் சபையே எழுந்து நின்று ஜெபம் பண்ணியது. பள்ளித்தோழி முதல் பழைய டியூஷன் வாத்தியார்வரை போன் போட்டு விசாரித்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் பட்ட அவமானம் ஆறவில்லை. கோபத்தோடு பஸ் ஏறிச் சித்தூருக்குப் போனாள்.

"அவர்கிட்ட ஏம்மா காட்டன?" அதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா? என் பொண்ணு பேசறத பென்னி வாயால கேட்டுக்கினு கீறேன். எனக்குப் புரியற எழுத்துல எழுது" என்று அவளைவிடச் சத்தமாகச் சொன்னாள் ஜெயசீலி. கேசியாவுக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் வசதி போனில் உண்டுதான். அது நாலு சொல்லை நீட்டி எது வேண்டும் என்று கேட்டால், படிக்கத் தெரியாதவள் எதைத் தொடுவாள்?

"இந்த வயசுல அ, ஆவா?" என்று சிரித்தான் கணவன் ஆசிர்.

"ஆமா. நீ போய் சோத்த வை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சர்ச்சில் வாராவாரம் சொல்லும் ஆராதனை முறை அவளுக்கு முழுக்க மனப்பாடம். இத்தனை வருஷமும் மற்றவர்களோடு சேர்ந்து பக்கத்தைத் திருப்பியிருக்கிறாளே தவிர, ஒரு வரி படித்ததில்லை. கள்ளி! இப்போது அந்தப் புத்தகத்தை மடியில் வைத்து, வாய் சொன்னதை விரலால் தேடிப் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாட்டு பஸ்களின் போர்டுகளை ஒன்றுவிடாமல் எழுத்துக் கூட்டினாள். கொம்பும் காலும் சேர்ந்து அவளைப் படுத்தி எடுத்தன. அழுதாள், ஆனால் விடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் தட்டுத்தடுமாறி எழுத வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் தமிழில் அடித்து அனுப்பினாள். "அம்மா, இது நானே எழுதினது. யார்கிட்டயும் காட்டாத. கட்டி வந்தப்ப உன் மடியில படுத்து அழணும்னு இருந்தது."

படித்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. வழக்கமாக வரும் கும்பிடு பொம்மைகூட வரவில்லை. ஏதாவது தப்பாக எழுதித் தொலைத்தோமா என்று கேசியா தவித்துப்போனாள்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. திருப்பதிக்கு வந்துவிடு என்று மகள் கூப்பிடும்போதெல்லாம் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தெரு அதிரச் சொல்கிறவள் ஜெயசீலி. அவள் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழில் எழுதியிருந்தாள். கேசியா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"மகளே, எனக்கு இங்கே தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. வந்து கூட்டிக்கொண்டு போ. இதை நான் எப்படிக் கத்திச் சொல்லுவேன்?"