கறைக்குக் கீழே இருந்தவன்

ரங்கூன் பபேடான் பேட்டையில் என் ஊசியைத் தெரியாதவன் கிடையாது. மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். யாரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப் போகிற ஜரிகைப் பூவேலைத் தொங்கல்களை வீட்டில் வைத்துப் பிரித்துப் பிரித்து நானே கற்றேன். நான் யானை போட்டால் அது நடக்கும் என்பார்கள்.

அதனால்தான் தேயிலைக் கடைச் சீனர் என்னைத் தேடி வந்தார். கிழவர். அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்த சுருள் படம் ஒன்று கையில். மலை, மூங்கில், கீழே ஆறு. ரங்கூன் மழை விட்டுவைக்குமா? காகிதம் பொடிந்துகொண்டிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"ஸயா, இதைப் பட்டு நூலில் ஆக்கிக் கொடு. கண் மூடுவதற்குள் முழுசாக ஒரு தடவை பார்க்கணும்."

ஸயா என்பது பர்மாக்காரர்கள் வாத்தியாருக்குச் சொல்வது. மூன்றாவது படித்தவனுக்கு!

"கறைக்குள்ளே என்ன இருந்தது, பெரியவரே?"

சிரித்தார். "நீ தைத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேர். சொல்கிறேன்."

மைக்கறுப்பிலிருந்து வெளிர்சாம்பல் வரை நானே சாயமேற்றினேன். ஒரு இழையைப் பிரித்து, அதையும் பிரித்து, மூச்சு விட்டால் பறக்கிற மெலிசில் மூடுபனி போட்டேன். வேறு எவன் கைக்கும் அது வராது. கறை இருந்த இடம் மட்டும் பாக்கி நின்றபோது கிழவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கையும் எழவில்லை.

மகனுக்கு ஒன்றும் தெரியாது. "நான் பிறந்ததிலிருந்தே அது கறைதான், ஸயா."

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "படகா?" இல்லை என்று தலையை ஆட்டினார். "குடிசையா?" இல்லை. "ஆளா?" என்றதும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆள்தான். ஆனால் எப்படிப்பட்ட ஆள்?

பென்சில் பிடிக்க எனக்கு வராது. தடி ஊன்றிய ஆளைப் பட்டிலேயே தைத்துக் கொண்டுபோனேன். இல்லை. பிரித்தேன். தூண்டில் போடுகிறவன். இல்லை. முதுகு காட்டி நிற்கிறவன், பெண்பிள்ளை, பிள்ளையைச் சுமக்கிறவன். எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல்.

"ஏங்க, வேறே துணியிலே போட்டுக் காட்டினா என்ன?" என்றாள் என் மனைவி.

"என் ஊசிக்கு வெள்ளோட்டமா? போடி."

"ஆமா, பெரிய ஸயா!"

பட்டு எத்தனை தடவைதான் பொறுக்கும்? குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒருவனைக் காட்டக் கிழவர் முன்னால் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தேன். ஊசித் துளைகளெல்லாம் சேர்ந்து அந்த இடமே கிழிந்துவிட்டது. நான் தைத்த ஆள் கிழிசலுக்குள் போனான். கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னால் பட்டுத் துண்டு வைத்து, மேலே மூடுபனி போட்டு மூடினேன். ஒட்டு இருப்பதே தெரியாது. திரும்பக் கொண்டுபோனபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, முடிஞ்சுபோச்சு. பாருங்க," என்று மகன் கெஞ்சினான். திரும்பவே இல்லை. அந்த வருஷத்து மழை விடுவதற்குள் போய்ச் சேர்ந்தார். அந்த ஆள் யார் என்று சொல்ல இனி உலகத்தில் ஒருவரும் இல்லை.

மகன் அதைக் கடையில் மாட்டினான். தேயிலை வாங்க வருகிறவர்கள் மூடுபனியைப் பார்த்து, யார் கைவேலை என்று கேட்கிறார்களாம். என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.