முட்டைக்கு முன் ஒரு சோதனை

அடைகாத்துக்கொண்டிருந்த எங்கள் நாட்டுக்கோழியை ஒரு காலையில் நாய் தூக்கிப் போய்விட்டது. மிஞ்சியவை முட்டைகளும் மனைவியின் கண்ணீரும். நான் ஓய்வுபெற்ற மின்பொறியாளர். மரப்பெட்டியில் சூடேற்றும் தகடு பொருத்திக் குஞ்சு பொரிக்கலாம் என்றேன்.

கிளியனூரிலிருந்து ஓடிவந்த மைத்துனர், வீட்டிலிருந்த பசையால் தகட்டை மூடியின் உட்புறம் ஒட்டினார். முட்டைகளை எடுக்கப் போனவரைத் தடுத்து, முதலில் வெறும் பெட்டியைச் சூடேற்றிப் பார்ப்போம் என்றேன்.

“முட்டைக்கும் டெண்டர் வுடுவீங்களா மாமா?”

“ஏங்க, முட்டை ஆறிக்கினு இருக்குது. ஜல்தி வைங்க” என்றாள் மனைவி.

நான் அசையவில்லை. சற்று நேரத்தில் பசை இளகி, தகடு பொத்தென்று விழுந்தது, முட்டைகள் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில். இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

திண்டிவனம் போய், வண்டி இன்ஜினுக்குப் பூசும் சிவப்பு சிலிக்கோன் பசை வாங்கி வந்தேன். அது சூடு தாங்கும். ஆனால் ஒருநாள் முழுக்க இறுக வேண்டும், புளிப்பு வாடையும் போக வேண்டும். அதுவரை மனைவி வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே முட்டைகளை வைத்து, என்னை வைதபடியே காத்தாள்.

இம்முறை தகடு விழவில்லை. முட்டைகளை உள்ளே வைத்தோம். மூன்று வாரத்தில் ஒரு முட்டை மட்டும் கூமுட்டையானது. மற்றவை எல்லாம் பொரிந்தன.

“உங்க பேஜாரும் ஒரு நாளைக்கு உதவுதுங்க” என்றாள், உள்ளங்கையில் குஞ்சை ஏந்தியபடி.

நான் சோதித்துத் தாமதப்படுத்திய வேலைகளுக்காக அலுவலகத்தில் எல்லோரும் என்னைச் சபித்திருக்கிறார்கள். கீச்சுக் குரலில் நன்றி சொன்னவை இவைதான்.