தாய்மாமன் மடி தேடி: ராயப்பேட்டை – தி.நகர் – மயிலாப்பூர்

போன வாரம் என் தங்கை சுமதியின் மகள் தீபா போன் செய்தாள். அவள் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். “பெரியம்மா, ரவி மாமாவோட பையன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தீபாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

1997 ஆவணியில், இதே தீபாவின் காதுகுத்துக்காக நான் ஒரு பயணம் போனேன். இந்தப் பக்கத்தில் காசி, ராமேசுவரம் எல்லாம் எழுதியிருக்கிறேன், இதை எழுதியதில்லை. மொத்தம் பத்து கிலோமீட்டர்கூட வராது. ஆனால் இன்றைக்கும் பலர் போகிற பாதை என்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவன் கிடையாது. நானும் சுமதியும் மட்டும்தான். நான் எட்டாவது முடித்தபோது அம்மா மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். “இது பையன்தான், அவனுக்குச் செலவு இருக்கு” என்று அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பையன்தான் பிறந்தான். இரண்டு நாள் இருந்தான். அம்மா அவனுக்கு முந்தின நாளே போய்விட்டாள். அப்போது சுமதிக்கு இரண்டு வயது, எனக்குப் பதினாலு. அன்று இடுப்பில் தூக்கியவளை அவள் கல்யாணம் வரை நான் இறக்கவில்லை. என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பொட்டலக் காகிதத்தில் படித்து, பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோத்து, எனக்கு வந்தது எல்லாம் நானாகக் கற்றது.

பயணத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன மண்டபம். நேரம் 9 முதல் 10.30. சுமதியின் மாமியார் அடையாறிலிருந்து பத்து நாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார், மாமன் மடி வேண்டும் என்று. நேரில் போய், “என் மடியில உட்கார வெச்சுக்கறேனே” என்றேன். “நல்லா ஜோக் அடிக்கிற போ” என்று சிரித்தார். “உங்க சித்தப்பா மகன் ரவி இருக்கானே, அவனைக் கூப்பிடு.”

புதன்கிழமை ரவிக்கு பூத்திலிருந்து போன் செய்தேன். தப்பு அங்கேதான். மாமனைத் தட்டு வைத்து நேரில் அழைக்க வேண்டும். ஞாயிறு காலை 6.30க்குப் பக்கத்து வீட்டு போனில் அவன் மனைவி: “அவரு வரலையாம் அண்ணி.”

6.50க்குக் கிளம்பினேன். வழியில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வாங்கினேன். வேட்டி துண்டு முன்பே எடுத்து வைத்திருந்தேன். ராயப்பேட்டையிலிருந்து பனகல் பார்க் நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் கூட்டம் இல்லை, 7.25க்கு இறங்கினேன். அங்கிருந்து பத்து நிமிட நடை. (ஞாயிறு காலையில் தி.நகர் எவ்வளவு அகலமான ஊர் என்று அன்றுதான் பார்த்தேன்.)

ரவி லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஏழு வயது சின்னவன்.

“போன்ல புக் பண்றதுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டராக்கா?”

“தப்புதான் ரவி. தட்டோட வந்திருக்கேன்.”

“முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

“இருக்கு. குழந்தையோட பேர் என்ன, சொல்லு பார்க்கலாம்.”

அவனுக்குத் தெரியவில்லை. பதினோரு மாதம் ஆகியிருந்தது, ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி “தீபாங்க” என்று குரல் கொடுத்தாள். தட்டை நீட்டினேன். நின்றுகொண்டே நீட்டினால் வாங்கமாட்டான் போலிருந்தது. குனிந்தேன். வாங்கினான். குளித்து வர முக்கால் மணி நேரம்.

திரும்ப 12பி பஸ் இருக்கிறது, நேராக மயிலாப்பூர். வேட்டி கசங்கும் என்று மாமன் மறுத்துவிட்டான். ஆட்டோ ஐம்பது கேட்டு முப்பத்தைந்துக்கு வந்தது. 8.25க்கு ஏறினோம்.

“இன்னாக்கா, தட்டோட போய்க்கினு கீறீங்க, கல்யாணமா?” என்றார் ஓட்டுநர்.

“காதுகுத்து. இவர்தான் மாமன்.”

“அப்ப சார்தான் இன்னைக்கு ஹீரோ. எனக்கும் நாலு பொண்ணுக்கா. நாலுத்துக்கும் என் மச்சான் மடிதான். ஒவ்வொரு வாட்டியும் பிரியாணி வாங்கிக் குடுத்தாத்தான் குந்துவான்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. “நாலும் படிக்குதா?” என்று கேட்டேன்.

“மூணு போவுது. பெர்சு ஊட்ல கீது, சின்னத பாத்துக்குது. மறுபடி முழுகாம கீதுக்கா எங்க ஊட்ல. இதுனா பையனா இருக்கணும்.”

அந்தப் பெரியவளின் பேரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

8.50க்கு மண்டபம். வாசலில் ரவியின் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தேன். உள்ளே தோடு. மாமன் சீர் மாமன் கையால்தான் வர வேண்டும், அதனால் நான் வாங்கிய தோட்டை அவன் கொண்டுவந்ததாக வைத்தான். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள்.

பாயில் உட்கார்ந்து தீபாவை மடியில் வாங்கினான். முன்பின் தெரியாத ஆள். குழந்தை வீறிட்டது. ஆசாரி பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்து இடது காதைக் குத்தினார். குழந்தை தலையைச் சட்டென்று திருப்பியதில் ஊசி புள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டது. குழந்தை நழுவித் தவழ்ந்து நேராக என்னிடம் வந்தது. உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். என் மடியில் விசும்பல் நின்றது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது.

ஆசாரி பாயிலிருந்து நகர்ந்து என் பக்கம் வந்தார். “ஆடாம கீது, இப்பவே குத்திடலாம்.”

“நிறுத்துப்பா” என்றார் மாமியார். “மாமன் மடியில.”

“எந்த மடியா இருந்தா இன்னாம்மா? ஊசிக்கு மாமனையா தெரியும்?”

யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. சுமதியைப் பார்த்தார். என் தங்கை எழுந்து வந்தாள். நான் இடுப்பில் வைத்து வளர்த்தவள் என் முன் குனிந்து, கைகளை நீட்டி, மெதுவாகச் சொன்னாள்: “குடுத்துடுக்கா.”

கொடுத்துவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்த ஒரு விஷயத்தில் மாமியார் மேலோ ரவி மேலோ இருப்பதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம். இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள, வலது காதும் ரவி மடியிலேயே குத்தப்பட்டது. ஆல்பத்தில் பதினாறு படம். என் முழங்கை ஒன்றில் இருக்கிறது. தீபாவின் இடது தோடு இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் தொங்கும்.

இனி, இதே வழியில் போக இருப்பவர்களுக்கு. இப்போது தி.நகரில் வாகன நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வையுங்கள். மண்டபத்துக்குள் விளக்குக்கு நேரே பாய் போடாதீர்கள், குழந்தைக்குக் கண் கூசும். ஆசாரியிடம் புள்ளியை நீங்களே ஒருமுறை பார்த்துச் சரிசொல்லுங்கள். தட்டோடு எவன் வீட்டுக்கும் போகாதீர்கள். குழந்தை யாரிடம் அழாமல் இருக்கிறதோ அவர்தான் அங்கே உட்கார வேண்டியவர்.

நேற்று தீபாவைக் கூப்பிட்டேன். நம்பர் இல்லை என்றேன். பொய்தான், டைரியில் இருக்கிறது. விசேஷத்தன்று முதல் ஆளாக வந்து பாயில் உட்கார்ந்துவிடுவேன் என்றேன். “எங்க மாமியார் ஏதாவது சொல்வாங்க பெரியம்மா” என்றாள். சொல்லட்டும். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு, ஒருமுறை தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இந்த முறை அவர்களை நான் கூப்பிடப் போவதில்லை.