குங்குமம் வைத்த மவுஸ்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மவுஸ் கிடக்கிறது. கம்பி பாதியில் அறுந்திருக்கும். முதுகில் காய்ந்துபோன குங்குமப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறாய் என்று என் கணவர் பலமுறை கேட்டுவிட்டார். கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த ஆண்டு யாரோ ஒரு புண்ணியவான், பிள்ளைகள் விளையாடிக்கொண்டே எண்ணும் எழுத்தும் கற்கட்டும் என்று ஒரு கணினியைக் கொடுத்தார். தோட்டத்து அலுவலகக் கணக்குகளைப் பார்த்த கிராணி அதற்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, மறக்காமல் மவுஸுக்கும் பொட்டு வைத்தார். நிர்வாகியான துரை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே கணினிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் உறை மாட்டிக் கயிறும் கட்டியாயிற்று. கிராணி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கெட்டுப் போச்சின்னா தொரைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். தோட்டத்தில் எந்த நல்ல பொருளுக்கும் இதே கதிதான். நல்ல நாற்காலி விருந்தாளிக்கு, நல்ல கோப்பை துரைக்கு. எங்களுக்கென்றே கொடுத்ததும் எங்களுக்கில்லை.

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், அவர் வாசலில் காவல் நிற்கத் திறந்துவிடுவார். கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் ஐந்து வயது மகள் அங்கே இருந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள், மந்தம் என்று தலைமை ஆசிரியை முடிவு கட்டியிருந்த பிள்ளை. அவள் கையை மவுஸின் மேல் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். திரையில் ஒரு முயல் கேரட் கேட்கும். கேட்ட எண்ணிக்கையில் எடுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் என் கையைத் தட்டிவிட்டாள். சத்தமாக எண்ணத் தொடங்கினாள். நேரம் முடிந்து கிராணி சாவியை ஆட்டியபோது, "டீச்சர், அதுக்கு இன்னும் பசிக்குது" என்றாள். அவள் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

மழைக்காலம் வந்தது. ஒரு மாதம் அந்த அறை திறக்கவே இல்லை. திறந்த அன்று அவள்தான் ஓடிப்போய் விசையை அழுத்தினாள். கணினிக்கு உயிர் வரவில்லை. "நீதானே ரோசாக் பண்ணுன? கைய வச்ச, கெட்டுப் போச்சி" என்று கிராணி கத்தினார். அவள் அம்மா முதுகில் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்து, மகளை அடித்து, அந்த ஆள் காலில் விழ வைத்தாள். பிள்ளை அழவில்லை. எழுந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நானும் மரம் மாதிரி நின்றேன்.

பக்கத்து நகரமான தானா ராத்தாவிலிருந்து பழுதுபார்க்க வந்தவர் கணினியைத் திறந்தார். உள்ளே துருவும் பூஞ்சணமும். "மூடி வச்சே சாவடிச்சிட்டீங்களே லா. இந்தப் பனிக்குத் தெனம் ஓட விட்டிருந்தா அந்தச் சூட்டுலயே காஞ்சிருக்கும்" என்றார். கிராணி பிளாஸ்டிக் உறையை மடித்துக்கொண்டு நடையைக் கட்டினார். அந்தப் பிள்ளையிடம் போய் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டபோது மூலையில் கிடந்த கணினியிலிருந்து மவுஸை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய வீரம் என்று நினைப்பு.

போன மாதம் தானா ராத்தா பேருந்து நிலையத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன், இப்போது வளர்ந்த பெண். பக்கத்தில் நான்கு வயது மகள். என் கைப்பேசியில் எண்ணி விளையாடும் ஆட்டம் ஒன்றைத் திறந்து குழந்தையிடம் நீட்டினேன். அவள் வெடுக்கென்று மகளின் கையை இழுத்தாள். "தொடாத, ரோசாக் ஆயிரும்."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், துருவை, பூஞ்சணத்தை, வந்தவர் சொன்னதை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்கம்மா இன்னமும் என்னைய வெளங்காத கைன்னுதான் சொல்லுது. டீச்சருக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் மகளின் கையை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். கிராணி மேல் இருந்த கோபத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று தோட்டத்தில் அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு வாசல் தள்ளித்தான் இருந்தது.