ஃபேனை நிறுத்தச் சொன்னவர்

மைசூரில் எங்கள் காலனி முழுக்கத் தகர ஷீட் கூரைதான். நானும் என் நாத்தனார் செல்வியும் வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டுகிறோம். காற்றுப் பட்டால் குச்சியில் மாவு விரிசல் விட்டுவிடும், அந்தச் சரக்கை எடுக்கமாட்டேன் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டே உருட்டினோம்.

போன மாதம் ஒரு மதியம், "அண்ணி, கண்ணு இருட்டுது" என்ற செல்வி மாவின் மேலேயே சாய்ந்தாள். ஆறு மாத கர்ப்பிணி. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. ஈரப் புடவையைச் சுற்றி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்" என்று டாக்டர் திட்டினார். நல்லவேளை, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சரக்கெடுக்க ஏஜென்ட் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததுமே சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, "அப்பா, என்னா சூடு! ஸ்வல்ப ஃபேன் போடும்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குச்சி விரிசல் விட்டுடும்ணா. அப்படியே உக்காருங்க" என்றேன்.

இப்போதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் உருட்டுவதை நிறுத்திவிடுகிறோம். மதியம் ஃபேன் எங்களுக்காக ஓடுகிறது. அவர் வந்தால் மட்டும் நிறுத்திவிடுவேன்.