பெயரை அழிக்காத தட்டுகள்

ஆரின் எங்கள் ஊர்ப் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். மினசோட்டாவில் ஏரிக்குப் பஞ்சமில்லை. அவன் தண்ணீருக்குத் தாரை வார்த்த தட்டுகளுக்கும் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கிற டிஸ்க் கோல்ஃப்தான் அவனுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு அவன் மனைவி லோர்னா போவாள், எங்களுக்கும் சேர்த்து.

இந்த வசந்தத்தில் உயர்நிலைப் பள்ளியிலும் அந்த ஆட்டம் வந்தது. விளையாட்டு டீச்சர் மார்லிஸ் ஒரு பெட்டித் தட்டுகளோடு ஆரின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவன் ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"கடைக்காரன் உன் தலையில நல்லா மிளகா அரைச்சிருக்கான், மார்லிஸ்."

"ரொம்ப தூரம் போகும்னானே?"

"கை வேகம் இருக்கறவனுக்குப் போகும். புதுசா வீசுற புள்ளைங்களுக்கு இது கையை விட்டதும் இடப்பக்கம் பொத்துன்னு விழும். ரெண்டே நாள்ல நமக்கு வராதுன்னு போயிடுவாங்க. கனம் கம்மியா, ஓரம் தடிப்பா, மெதுவாப் போறதா எடு."

"உன் பஸ் மாதிரியா?"

"என் பஸ் மாதிரிதான். அதைவிட, மரத்துல மோதி மோதித் தேஞ்ச பழசு இருந்தா இன்னும் நல்லது. யார் வீசினாலும் நேராப்..."

பாதியிலேயே நிறுத்திவிட்டான். அப்படித் தேய்ந்த தட்டுகள் அந்த வீட்டுச் சுவரில் ஒரு பை நிறையத் தொங்கின. அவன் மகள் பிரிட்டாவுடையவை. போன வருஷத்துக்கு முந்தின குளிரில், பனி உறைந்த ரோட்டில் அவள் கார் சறுக்கி மரத்தில் மோதியது. இறந்தபோது பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

லோர்னா சமையலறையிலிருந்து வந்து, பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கொடு. ஆனா பேரை மட்டும் அழிக்காத."

தட்டின் அடியில் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். தொலைந்தால், எடுத்தவன் கூப்பிடுவான். பிரிட்டாவின் கையெழுத்து ஒவ்வொரு தட்டிலும் இருந்தது.

"அவ நம்பருக்குக் கூப்பிடுவாங்க, லோர்னா," என்றான் ஆரின்.

"கூப்பிடட்டும். எல்லாத்தையும் பையில பூட்டி வச்சா போன் எப்படி அடிக்கும்?"

ரொட்டிப் பெட்டி பக்கத்தில் பிரிட்டாவின் போன் சார்ஜில் கிடந்தது. என்றைக்கும் அங்கேதான் கிடக்கும். எதற்கென்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. மார்லிஸ் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மே மாதம் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. லோர்னா கையைத் துடைக்கக்கூட இல்லை. எதிர்முனையில் ஒரு கிழவரின் உரத்த குரல் எங்களுக்கே கேட்டது.

"பிரிட்டா இருக்காளாம்மா? அவளோட மஞ்சத் தட்டு படகுத்துறைகிட்ட தண்ணியில கிடந்துச்சு."

"அவ வெளிய போயிருக்கா," என்றாள் லோர்னா. "நான் அவ அம்மா. வந்ததும் சொல்றேன்."

"நல்லா வீசுவா போல! அடி வாங்கித் தேஞ்சு கிடக்கு."

"ஆமாங்க. ரொம்ப நல்லா வீசுவா."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது. அவள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. ஆரின்தான் பாதியில் எழுந்து போய், போனில் கிழவரின் நம்பரைக் குறித்துக்கொண்டான்.

மறுநாள் பஸ்ஸை விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு கிழவரிடம் போய்த் தட்டை வாங்கினான். பள்ளிக்குத் திருப்பிக் கொடுப்பான் என்றுதான் நினைத்தேன். வண்டியைப் படகுத்துறைக்கு விட்டான். அங்கே நின்று, தட்டைத் திருப்பி, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்த்தான். சட்டைப் பையிலிருந்து அழியாத மைப் பேனா எடுத்து, மகளின் எழுத்துமேலேயே ஒரு தரம் எழுதினான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"ஆழம் வேண்டாம். மீன் பிடிக்கறவன் கண்ல படணும், கூப்பிடணும்."

கரையோரத் தண்ணீரைப் பார்த்து மெதுவாக வீசினான். நேராகத்தான் போயிற்று.